அண்ணன் காலும் வெர்னாவின் காலும்

1

பிப்ரவரி முதல் வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது, நான் வசிக்கும் அமெரிக்க மாநிலத்தின் சட்டமன்றத்திலிருந்து. மக்கள் கருத்துக் கேட்பில் பேச நான் செய்திருந்த பதிவை ஏற்றுக்கொண்டார்களாம். என் எண் பதினேழு. பேச இரண்டு நிமிடம். என் பெயரோடு வரும் ஆரோக்கியதாஸ் என்ற என் கணவர் பெயரை இரண்டு துண்டாக வெட்டி, முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் போட்டிருந்தார்கள். இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. திருத்தச் சொல்வதை விட்டு ரொம்ப நாளாயிற்று.

எதைப் பற்றிய கருத்துக் கேட்பு என்று ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏழைகளுக்கென்று அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு இங்கேயும் உண்டு. ஆனால் யாரை அதில் சேர்ப்பது என்பதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. எங்கள் மாநிலத்தில் குழந்தைகள், கர்ப்பிணிகள், ரொம்ப வயதானவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஓர் ஏழை அந்தப் பட்டியலில் வரமாட்டார். கடையில் வாங்குவது போலக் காப்பீடு வாங்கலாம், அதற்கு மத்திய அரசு உதவி செய்யும். ஆனால் அந்த உதவி கிடைக்கவும் இவ்வளவுக்கு மேல் சம்பளம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் விழுந்து கிடப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்பதுதான் விவாதம். வருடாவருடம் நடக்கிறது. வருடாவருடம் தள்ளிப்போகிறது.

நான் அரசியல் பேசுகிறவள் இல்லை. மரக்காணத்தில் உப்பளக் கூலி ஒருவருக்குப் பிறந்து, புதுச்சேரியில் நர்சிங் படித்து, கோட்டக்குப்பத்து ஏஜென்ட் ஒருவர் மூலம் குவைத் போய், அங்கிருந்து இங்கே வந்தவள். ஆறாத புண்களுக்கான பிரிவில் வேலை. காலையில் போய்க் கட்டுப் பிரித்து, கழுவி, மறுபடி கட்டுவேன். மாலையில் வீடு. என் கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் நான்கு நாள் வேறு மாநிலங்களில் இருப்பார். எங்கள் ஒரே மகள் ஷெரின் அரசியல் படித்துவிட்டு மாநிலத் தலைநகரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் எதற்காகப் பேசப் பெயர் கொடுத்தேன் என்றால், இரண்டு கால்கள்தான் காரணம்.

2

ஒன்று என் அண்ணன் அந்தோணியின் வலது கால்.

போன அக்டோபரில் மழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றிருந்த நேரம். இங்கே காலை ஏழு மணி, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு வழக்கம்போல் வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தார். கட்டை விரலைச் சுற்றித் துணி.

"இன்னா அண்ணே அது?"

"ஒண்ணும் இல்ல ரோசி. கிளிஞ்சல் கிழிச்சிட்டுது. சரியாப் போயிடும்."

"எப்ப கிழிச்சுது?"

பின்னாலிருந்து அண்ணி லூர்துமேரியின் குரல் வந்தது. "எப்பன்னு அவருக்கே தெரியாது. மிதிச்சதே தெரியல. நான் பாயில ரத்தத்தப் பாத்துட்டுத்தான் கேட்டேன். சுகர் இருக்குது, மாத்திரய ஒழுங்காப் போடுன்னா கேக்குறாரா?"

துணியை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அண்ணி போனைக் கிட்டே கொண்டுபோனார். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று தடித்துப்போன தோல். அதன் நடுவே இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. நான் தினமும் பார்க்கும் நிறம் அது.

"அண்ணே, இன்னிக்கே கிளம்பு. நாளைக்குன்னு சொல்லாத."

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். புண்ணைச் சுத்தம் செய்தார்கள், ஊசி போட்டார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் காலுக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைத் திறக்காவிட்டால் புண் ஆறாது, அதற்கு வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார் டாக்டர். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் விசாரித்தால், தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டு அட்டை அங்கே செல்லாது என்றார்கள். விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செல்லும் என்று தெரிந்தது. அண்ணி ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அங்கே காப்பீட்டுக்கென்று தனி மேஜை. அதில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அட்டையில அந்தனி, ஆதார்ல அந்தோணிசாமி. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிங்க நான் அனுப்புறது? ரிஜெக்ட் ஆயிடும்" என்று சொல்லியிருக்கிறார்.

"அவருதாம்மா இதோ உக்காந்து இருக்காரே, பாரும்மா" என்றாராம் அண்ணி.

அந்தப் பெண் பாவம், பார்த்தார். பார்த்து என்ன செய்வது? கலெக்டர் ஆபீசில் திருத்தி வர வேண்டும், அதற்கு முன் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று புதிதாக வாங்க வேண்டும். அண்ணி மரக்காணத்துக்குத் திரும்பினார். வி.ஏ.ஓ. பிரம்மதேசம் பக்கம் பயிர் சேதக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தார். மழையில் அங்கேயே தேடிப் போய்க் கையெழுத்து வாங்கினார். மறுநாள் திண்டிவனம் பஸ், அங்கிருந்து விழுப்புரம் பஸ். கலெக்டர் ஆபீசில் அன்று சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கு மறுநாள் மறுபடியும். நான்காம் வகுப்போடு நின்ற என் அண்ணி, வரிசையில் நின்று, "என் வீட்டுக்காரரு பேரு அந்தோணிசாமி. சாமிய வுட்டுட்டீங்க. சேத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார்.

அந்த நாட்களில் நான் இங்கே கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு காலிலும் அண்ணன் காலைத்தான் பார்த்தேன்.

அடைப்பை எடுத்தார்கள். இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. செலவு முழுவதையும் அட்டை பார்த்துக்கொண்டது. பிப்ரவரியில் அண்ணன் காலில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உப்பளத்துக்குத் திரும்பியிருந்தார். தண்ணீரில் இறங்கவேண்டிய வேலை வேண்டாம் என்று முதலாளி அவரை லோடு ஏற்றும் இடத்தில் மேற்பார்வைக்குப் போட்டிருந்தார்.

3

இன்னொன்று வெர்னாவின் இடது கால்.

வெர்னா எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆஸ்பத்திரியின் ஊழியர் இல்லை. காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆள். முழு நேரம் என்று கணக்கு வந்துவிட்டால் காப்பீடு தரவேண்டும் என்பதால் அதற்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி வேலை கொடுப்பார்கள். அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். நான் மேலே சொன்ன பள்ளத்தில் சரியாக நடுவில் இருந்தவர்.

மதியச் சாப்பாட்டு அறையில் பழக்கம். நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்கு. "ரோஸ், இந்த மஞ்சள் சோறு மட்டும் இல்லன்னா நான் எப்பவோ வேலைய விட்டிருப்பேன்" என்பார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.)

அண்ணனுக்காக அண்ணி பஸ் ஏறிக்கொண்டிருந்த அதே வாரங்களில்தான், வெர்னா ஒரு நாள் ஷூவைக் கழற்றிக் காலை என்னிடம் காட்டினார். அண்ணனைப் போல அவருக்கும் சுகர்; பாதத்தின் அடியில், நாலணா அளவு புண். துடைக்கிற தண்ணீர் ஷூவுக்குள் இறங்கி இறங்கித் தோல் ஊறிப் போயிருந்தது.

"டாக்டரப் பாருங்க வெர்னா."

"எந்த டாக்டர?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த அறைக்கு அடுத்த கதவு, ஆறாத புண்களுக்கான பிரிவு. அதன் தரையை அன்று காலையில்தான் அவர் துடைத்திருந்தார். அந்தக் கதவுக்குள் நோயாளியாக நுழைய அவரிடம் காப்பீட்டுக் காகிதம் இல்லை. தருமத்துக்குப் பார்க்கும் கிளினிக் ஒன்று இருந்தது. அங்கே பெயர் கொடுத்தோம், பத்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றேன். முன்பு ஒரு முறை போனதற்கு வந்த பில் இன்னும் துரத்துகிறது என்றார்.

நான் செய்தது இதுதான். நோயாளிகளுக்குப் பயன்படுத்தியது போக மிஞ்சிய கட்டுத் துணிகளை எடுத்துவந்து, சாப்பாட்டு அறையில் அவர் காலைக் கழுவிக் கட்டினேன். விதிப்படி அது தப்பு. யாராவது பார்த்திருந்தால் என் லைசென்ஸ் போயிருக்கும். ஆனாலும் அதைச் செய்ததற்காக நான் வருந்தவில்லை. அதை மட்டும் செய்ததற்காகத்தான் வருந்துகிறேன். அண்ணனை "இன்னிக்கே கிளம்பு" என்று அதட்டிய நான், வெர்னாவை அதட்டவில்லை. அதட்டினால் எங்கே போவார் என்று எனக்கே தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். நான்காம் நாள் தாழ்வாரத்தில் விழுந்தார். அவசரப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வருபவரை மறுக்க இங்கே சட்டம் இடம் தராது. ஜனவரி முதல் வாரத்தில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். அவர்தான் பேசினார். "சட்டமன்றத்துல கேக்கப் போறாங்களாமே, ரோஸ். என்னால அவ்வளவு தூரம் வர முடியாது. நீ போய்ச் சொல்றியா?"

"உங்க பேரைச் சொல்லலாமா?"

"முழுப் பேரும் சொல்லு. சரியாச் சொல்லு."

4

பதிவு செய்த விஷயத்தை ஷெரினிடம் போனில் சொன்னேன்.

அவள் வேலை செய்வது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில். அவர் இந்த மசோதாவை எதிர்ப்பவர். கருத்துக் கேட்கும் குழுவிலும் இருந்தார். அவர் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் அறிக்கைகளை எழுதுவது என் மகள்.

"அம்மா, இந்த ஸ்டேட்ல ஆரோக்கியதாஸ்னு நாம மட்டும்தான் இருக்கோம். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா இன்னா?"

"நீ பேசாதேன்னு சொல்லல. இந்த வருஷம் வேணாம்னு சொல்றேன். நான் சேந்து எட்டு மாசம்தான் ஆச்சு."

அவள் தமிழ் இவ்வளவு நீளமாகப் பேசினால் ஏதோ கேட்கிறாள் என்று அர்த்தம். கொஞ்சத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். மத்திய அரசு இன்று பணம் தரும், நாளை நிறுத்திவிட்டால் மாநிலம் பள்ளிக்கூடத்தில்தான் கை வைக்கும் என்றாள். அது பொய்யான பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்புறம், அந்தத் திட்டம் வேலை செய்ய முடியாதவர்களுக்கானது, முடிந்தவர்களை அதில் சேர்த்தால் முடியாதவர்களுக்கு வரிசை நீளும் என்றாள்.

"வெர்னா வேலை செய்யறவங்கதாண்டி. நான் நடக்கற தரையத் தொடச்சவங்க."

"ஒருத்தர வெச்சு சட்டம் போட முடியாதும்மா."

"ஒருத்தரப் பத்தித்தானே எனக்குத் தெரியும். அதத்தான் சொல்லப் போறேன்."

அவள் வைத்துவிட்டாள். ஐந்து வயதில் மரக்காணத்துக்குக் கூட்டிப் போனபோது, உப்புக் குவியலைப் பனி என்று நினைத்து ஏறி விளையாடிய பெண். மாமன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாத்தி வரப்பில் நடந்தது அவளுக்கு நினைவில்லையாம். நினைவில்லாததற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாமன் காலுக்கு என்ன ஆயிற்று என்று இந்த நான்கு மாதத்தில் அவள் ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

பிறகுதான் உறைத்தது. விரல் எடுத்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஊர்க் கதை அவளுக்கு எதற்கு என்று நானாகவே விட்டுவிட்டேன்.

5

கருத்துக் கேட்பு நடந்த அறையில் குளிர். பேசுகிறவர் முன்னால் சின்ன விளக்குப் பெட்டி. பச்சை எரியும்போது பேச வேண்டும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். உறுப்பினர்களின் பின்னால் வரிசையாக அவர்களுடைய உதவியாளர்கள். ஷெரின் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள்.

எனக்கு முன் பேசிய ஒருவர், வரி கட்டிக் கட்டி ஓய்ந்துவிட்டேன், இன்னும் எத்தனை பேரைச் சுமப்பது என்று கேட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். பெயரைத் தப்பாகத்தான் கூப்பிட்டார்கள்.

வெர்னாவின் முழுப் பெயரைச் சொன்னேன். புண் இருந்த அளவு, நாங்கள் காத்திருந்த வாரங்கள், காலை எடுத்த இடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதே மாதங்களில் என் அண்ணனுக்கும் இதே நோய், அவரும் கூலிக்காரர், அவருடைய மாநில அரசு காப்பீடு கொடுத்திருந்தது, அதனால் கால் பிழைத்தது என்றேன்.

இங்கேதான் எனக்கு வாய் தவறியது. தொடையிலிருந்து விரல் நுனி வரை நமக்கு எல்லாம் கால்தான். பாதம் என்ற சொல் ஜெபத்தில்தான் வாயில் வரும். பதற்றத்தில் நான் ஆங்கிலத்திலும் முழுக் காலுக்கான சொல்லையே கால்விரலுக்கும் போட்டு, "அவர் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள்" என்பதை "இரண்டு காலையும் எடுத்தார்கள்" என்ற மாதிரி சொல்லிவிட்டேன்.

ஷெரின் வேலை செய்யும் அந்த உறுப்பினரே கேட்டார். "மன்னிக்கணும் அம்மா. உங்க அண்ணனுக்குக் கால் இருக்கா, இல்லையா?"

சிலர் சிரித்தார்கள். இரண்டு விரல்தான் போயிற்று என்று திருத்திச் சொன்னேன்.

"அந்தத் திட்டம் உங்க ஊர்ல எல்லாருக்கும் சுலபமாக் கிடைக்குதா?"

இல்லை என்று சொன்னால் என் பக்கம் பலவீனமாகும் என்று தெரியும். ஆமாம் என்றால் மழையில் வி.ஏ.ஓ.வைத் தேடிப்போன என் அண்ணிக்குச் செய்யும் துரோகம்.

"இல்லைங்க. அட்டையில பேரு தப்பா இருந்தது. அதத் திருத்த எங்க அண்ணி நாள் கணக்கா அலைஞ்சாங்க."

"அப்படின்னா அதுவும் சரியா வேலை செய்யல."

"மெதுவாத்தான் வேலை செஞ்சது. ஆனா அவங்க அலையறதுக்கு ஓர் இடம் இருந்தது. வெர்னாவுக்கு அலையக்கூட இடம் இல்லைங்க."

விளக்கு எப்போது சிவப்பானது என்று நான் கவனிக்கவில்லை. எழுந்தபோது ஷெரின் என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்று புரியவில்லை.

அன்று மாலையே கூப்பிட்டாள். "மாமாவுக்கு விரல் எடுத்தாங்கன்னு நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டு அழுதாள்.

6

ஊருக்குப் போன் செய்து சொன்னபோது அண்ணனுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"என் காலப் பத்தி அசெம்பிளில பேசினியா? அந்த ஊர்ல பேச வேற விஷயமே இல்லியா?"

பிறகு வெர்னாவைப் பற்றிக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "அவ்ளோ பெரிய ஊர்ல அந்தம்மாவுக்கு ஒரு கார்டு இல்லியா?" என்றார். அண்ணி போனை வாங்கி, "பேரு கீரு தப்பா இருக்கப் போவுது, நல்லாப் பாக்கச் சொல்லு ரோசிம்மா" என்றார். பெயர் தப்பு இல்லை அண்ணி, பட்டியலில் பெயரே இல்லை என்று விளக்கினேன். அவருக்கு அது புரிய நேரமாயிற்று.

மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. மேலும் ஆய்வு தேவை என்று குழு ஒதுக்கி வைத்தது, கூட்டத்தொடர் முடிந்துபோனது. ஷெரினின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் அம்மா நன்றாகப் பேசினார் என்று அந்த உறுப்பினர் அவளிடம் சொன்னாராம். மசோதாவை எதிர்த்து அவருடைய அறிக்கை வந்தது. அதை வேறு ஒருவர் எழுதினார் என்று மட்டும் ஷெரின் சொன்னாள். மேலே நான் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். வெர்னாவைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். உடல் ஊனமுற்றவர் என்ற வகையில் இப்போது விண்ணப்பிக்கலாம் என்று அவள் விதிகளைப் படித்து வைத்திருந்தாள். வெர்னாவின் சமையல் மேஜையில் உட்கார்ந்து, இருபது பக்கத்துக்கு மேல் இருந்த படிவத்தை இருவருமாக நிரப்பினார்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஷெரின் இரண்டு தரம் கேட்டு எழுதினாள். அதற்குப் பிறகும் எத்தனையோ கடிதம், தொலைபேசி, காத்திருப்பு. எல்லாவற்றையும் அவளே பார்த்தாள்.

ஜூலையில் பதில் வந்தது. எழுத்து பொடியாக இருக்கிறது என்று வெர்னா அதை ஷெரினிடம் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். தகுதி பெறுகிறீர்கள் என்ற வரி வந்தது. தகுதிக்கான காரணம் என்ற வரியில் அவள் குரல் நின்றுவிட்டது.

"படி கண்ணு" என்றார் வெர்னா. "காரணம் எனக்குத் தெரியாதா?"

அவள் படித்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது என்பதுதான் காரணம்.

ஒரு வருடம் முன்பு இதே காகிதம் வந்திருந்தால் இந்தக் காரணம் இருந்திருக்காது. அதை எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெர்னாதான் கடிதத்தை வாங்கி மடித்துவிட்டுக் கேட்டார்: "இன்னொரு காலை எப்போ காட்டலாம்?"

ஷெரின் உடனே போனை எடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை எங்கள் பிரிவின் நோயாளிப் பட்டியலில் வெர்னாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். சக்கர நாற்காலியில் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, அவருடைய வலது ஷூவைக் கழற்றினேன். கட்டை விரலுக்குக் கீழே தோல் லேசாகச் சிவந்திருந்தது. இன்னும் உடையவில்லை.

நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்தார்.